எறியுளியும் படைமரமும்

காஞ்சிமா நகரிற் கடல் இல்லை. பாலாறும் ஆண்டிற் பெரும்பகுதி மணலாறாகவே கிடக்கின்றது. குளங்களோ கோயிற் குளங்கள். அவற்றின் மீன்களுக்குப் பொரி இடுவார் உண்டேயன்றிப் புண் செய்வார் இல்லை. இத்தகைய ஊரிற் பிறந்து வளர்ந்த யாம், கடலுள் மூழ்கி மீன் எய்யும் கருவி ஒன்றைக் கையாலேயே செய்யப் புகுந்தோம் என்றால், நம் கல்லூரி அன்பர்கள் நகைப்பது இயல்பே. தமிழ் பயிலும் மாணாக்கருக்கு இரும்பும் ரப்பரும் எதற்கு என்று விடுதியிலும் சிலர் வினவினர். அவர்கட்கெல்லாம் அன்று விடை கூற இயலவில்லை. இன்று ஒருவாறு கூறலாம் என எண்ணி இதனை எழுதுகின்றோம்.

தொடக்கம் குறுந்தொகை வகுப்பில் நேர்ந்தது. அந்நூலின் 304-ஆம் பாட்டிற் பரதவர் எறியுளி எறியும் காட்சி வருகின்றது. கூரிய வாயையுடைய உளியை உலர்ந்த மூங்கிற் காம்பின் முகத்திற் பொருத்தி, வளைந்த திமிலில் நின்று கோட்டுமீனின் மேல் எறிகின்றனர். எறிந்ததனை மீட்டும் வலித்து வாங்குகின்றனர். அகநானூற்றிலும் எறியுளியாற் புண்பட்ட பெருமீன் ஒன்று கடலைக் கலக்குகின்றது. எறிந்ததை மீட்டு வாங்க வேண்டுமாயின் கயிறு இருந்திருத்தல் வேண்டும் என்று யாம் கூற, எம் பக்கத்திலிருந்த நண்பர், 'கயிறு எத்துணைத் தடிப்பு? காம்பு எத்துணை நீளம்?' என்று மெல்லக் கேட்டார். அவர் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டு மகனார். நூலின் தடிப்பை வினவாமல் எப்பொருளையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. அவ்வினாவிற்கு விடை காண்பதற்கென்றே இருவரும் கூடி ஒரு கருவி செய்து பார்ப்பது என முடிவு செய்தோம்.

கையால் எறியும் ஈட்டி நீரின் மேலிருந்து எறிவதற்கே தக்கது. நீருள் மூழ்கினவன் கையை வீசி எறிய முடியாது. நீர் கையைத் தடுத்துவிடும். ஆதலின் வலியை முன்னரே ஓரிடத்திற் சேர்த்துவைத்து, வேண்டும்போது விடுவிக்கும் பொறி வேண்டும். இதனை ஆங்கிலத்தார் 'ஸ்பியர் கன்' என்பர். யாம் விற்பொறி என்றே வழங்குவோம். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதிலிற் கூறும் பொறிகளுள் வளைவிற்பொறியும் ஒன்றாதலின், அப்பெயர் நமக்குப் புதிதன்று.

பொருளும் புதிதன்று. மலையாள நாட்டார் தெற்றாலி என்னும் குறுக்குவில்லாற் கயிறு கட்டிய அம்பை எய்து ஆற்றுமீன் பிடித்து வந்துள்ளனர். சென்னை மாகாணத்து மீன்துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பார், தென்னாட்டு ஊதுகுழல்கள், வளரிகள், குறுக்குவில்கள் ஆகியவற்றைப் பற்றி 1924-ல் ஒரு கட்டுரை வரைந்தார். அந்தமான் தீவுகளின் பழங்குடிகள் ஆழமற்ற நீரில் நின்று வில்லால் மீன் எய்வதில் வல்லவர். நீருள் மூழ்கிக் கண்ணாடி அணிந்து எய்யும் முறை மட்டும் பிற்காலத்தது. அது பிரான்சு நாட்டின் தென்கரையில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பரவிற்று. கை கில்பாட்ரிக் என்னும் அமெரிக்க எழுத்தாளர், விமானிகள் அணியும் பழைய கண்ணாடியின் காற்றுத் துளைகளை மக்கு வைத்து அடைத்துக் கடலுள் இறங்கினார். தம் பட்டறிவை 1938-ல் நூலாகவும் வெளியிட்டார். சுருள்வில்லால் இயங்கும் பொறிகள் முதலில் வந்தன. ரப்பரால் இயங்குவன அவற்றை அடுத்து வந்து நிலைபெற்றன. நமக்கு அண்மையில் இலங்கையில் ராட்னி ஜான்க்லாஸ் என்னும் கடல் உயிர்நூல் அறிஞர் இவ்வேட்டையிற் பெயர் பெற்றவர். 1956-ல் அங்கு வந்த ஆர்தர் கிளார்க்கும் அவர் தோழரும் அவரோடு அத்தீவின் கடற்பாறைகளிடை மூழ்கினர்.

இனி எம் கருவிக்கு வருவோம். முதலில் வேண்டுவது மரக்கட்டை. தேக்கு வாங்கப் பணம் இல்லை. நண்பர் வீட்டில் இரு தறிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றை அவர்தம் தந்தையார் மூன்றாண்டுகட்கு முன்பே பிரித்துப் பரணில் ஏற்றிவிட்டார். மகன் கல்லூரிக்குச் சென்றபின் கோர்வைச் சேலைக்கு உடன் அமர்ந்து கரை நாடா எறிய ஆளில்லை என்பது காரணம். அத்தறியின் படைமரம் முதிர்ந்த தேக்கு. அதனைக் கேட்க எமக்கு நாணமாயிருந்தது, நண்பர் கேட்டார். தந்தையார் நெடுநேரம் பேசாமலிருந்து, 'பாதி எடுத்துக்கொள்ளுங்கள். பாதி இருக்கட்டும்' என்றார். கோலியாத்தின் ஈட்டிக் காம்பைச் சாமுவேலின் முதல் நூல் நெசவாளர் படைமரத்தோடு ஒப்பிடுவது அப்போது எம் நினைவிற்கு வந்தது. பரணிலிருந்து அதனை இறக்குகையில் அவ்வொப்புமையின் எடை எம் தோளுக்கு நன்கு விளங்கிற்று.

கட்டையின் அளவைக் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும். மிகத் தடித்த கட்டை நீரில் மேலெழும்பிக் குறியைக் கெடுக்கும். மிக மெலிந்தது கையை விட்டால் ஆழத்திற் போய்விடும். தேக்கின் எடை அதே பருமனுள்ள நீரின் எடையில் ஏறத்தாழ 0.65 பங்கு. 100 சென்டிமீட்டர் நீளமும் 4 உயரமும் 3 அகலமும் உள்ள கட்டையின் பருமன் 1200 கன சென்டிமீட்டர். எடை 780 கிராம். அது விலக்கும் நீர் 1200 கிராம். எனவே 420 கிராம் அளவிற்கு மேலெழும் வலி உண்டு. 6 மில்லிமீட்டர் தடிப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பியின் எடை 222 கிராம். நீரில் அது 194 கிராமாகக் குறையும். விசைப் பொறியின் இரும்பு 200 கிராம் எனின் நீரில் 175. இவ்விரண்டையும் 420-இற் கழிக்க எஞ்சுவது 51 கிராம். அதாவது, கருவி எய்யுமுன் மிதந்தும் மிதவாமலும் கையில் அமைதியாக நிற்கும். கம்பி சென்றபின் நன்றாக மேலே மிதக்கும். வேண்டுவது இதுவே. தச்சர் இழைப்புளியால் ஒரு நூல் மிகுதியாக இழைத்துவிட்டால் இக்கணக்கு மாறிவிடும் என்று அவர் பக்கத்திலேயே நின்று நச்சரித்தோம். அவர் எம்மைப் பொறுத்துக்கொண்டது அவர் பெருந்தன்மை.

கட்டையின் முதுகில் கம்பி கிடந்து ஓடுதற்கு நெடுக ஒரு வரிப்பள்ளம் குடைய வேண்டும். இப்பள்ளம் நேராக இல்லையேல் மற்றவை எல்லாம் வீண். நூல் பிடித்துக் கோடு கிழித்து, அரைவட்ட உளியால் சிறிது சிறிதாக எடுத்து, அதே கம்பியில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்துச் சரிசெய்தோம். கட்டை முழுதும் ஆளிவிதை எண்ணெய் பல முறை ஊட்டினோம். எண்ணெய் ஊட்டாத மரம் நீர் குடித்து முறுக்கிக்கொள்ளும்.

அடுத்து ரப்பர். இங்குத்தான் யாம் முதற் பிழை செய்தோம். மிதிவண்டியின் பழைய காற்றுக்குழாயை நாடாக்களாகக் கிழித்துக் கட்டினோம். இழுக்கையில் அது கடினமாகவே இருந்தது. ஆனால் ஒரு வேளாண் கிணற்றில் இறங்கி, நீருள் அமிழ்த்திக் கட்டிய வாழைத்தண்டை நோக்கி எய்தபோது கம்பி சோம்பேறியைப் போல் நகர்ந்து சென்று தண்டைத் தொட்டு நின்றது. காரணம் பின்னரே தெரிந்தது. இக்காலத்துக் காற்றுக்குழாய்கள் பெரும்பாலும் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆயவை. காற்றைக் கசியவிடாமல் அடக்குவதில் அது மேலானது. இழுத்த வலியைத் திருப்பித் தருவதிலோ மிகக் கஞ்சத்தனமுடையது. நாம் ஊட்டிய ஆற்றலிற் பெரும்பகுதியை அது வெப்பமாக மாற்றித் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் அவ்வாறன்று. வாங்கியதை ஏறக்குறைய முழுதும் திருப்பித் தரும். மருந்துக் கடையிற் கிடைக்கும் மஞ்சள் நிறக் குழாய் அவ்வினத்தது. 12 மில்லிமீட்டர் தடிப்புள்ளதாக அதில் வாங்கினோம். வெயிலும் எண்ணெயும் அதற்குப் பகை; மாவு தூவி நிழலில் வைத்தல் நன்று.

எத்துணை நீளம் வெட்டுவது? இயற்கை ரப்பரைத் தன் நீளத்தைப் போல் மும்மடங்கு இழுப்பது முறை. அதனினும் மிக இழுத்தால் கை வலிக்குமேயன்றிப் பயன் அவ்வளவு மிகாது. குழாயும் விரைவில் வெடிக்கும். எம் கட்டையின் முன்முனையில் உள்ள துளையிலிருந்து கம்பியின் வெட்டுவரை 75 சென்டிமீட்டர். எனவே தளர்ந்த நிலையில் ஒவ்வொரு கையும் 25 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். கம்பியைத் தள்ளும் தொலைவு மீதமுள்ள 50. முழுதும் இழுத்த நிலையில் இரண்டு கைகளும் சேர்ந்து 25 கிலோ வலி தருவதாகவும், தொடக்கமுதல் முடிவுவரை சராசரி 15 கிலோ என்றும் கொள்வோமாயின், சேர்த்துவைக்கும் ஆற்றல் 15-ஐ 9.8-ஆலும் 0.5-ஆலும் பெருக்கிய தொகை. ஏறத்தாழ 73 ஜூல். இதிற் பாதி நீரின் தடையாலும் உராய்வாலும் போயினும், 222 கிராம் கம்பி நொடிக்கு 18 மீட்டர் விரைவிற் புறப்படும். நீர் காற்றைப் போல் எண்ணூறு மடங்கு செறிவுடையதாதலின் அவ்விரைவு உடனே தேயத் தொடங்கும். ஆகவே இத்தகைய சிறு கருவிக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் உள்ள மீன் இல்லாத மீனே. கம்பி முன்னே பாயும்போது கட்டை பின்னே உதைக்கும். கட்டை எடை மிகுந்திருந்தால் உதை குறையும். எம்முடையது மெலிந்தது, மணிக்கட்டு அதனை நன்கு அறியும்.

இனிச் சொல்லப்போவது எம் குற்றத்தின் வரலாறு. விசைப்பொறியில் இரண்டு உறுப்புகள் உண்டு. கம்பியின் வாலில் உள்ள வெட்டைப் பற்றி நிற்பது ஒன்று. அதனைக் கொளுவி என்போம். விரலால் இழுப்பது மற்றொன்று, அது விசை. ஒரே துண்டினாலும் இரண்டு வேலையையும் செய்யலாம். ஆனால் 25 கிலோ வலி முழுதும் அவ்வொரு முனையில் அழுத்துமாதலின், எஃகோடு எஃகு உராயும் தடை அதில் ஐந்தில் ஒரு பங்கெனக் கொண்டாலும் விரலுக்கு 5 கிலோ சுமை வரும். இரண்டு துண்டாகச் செய்து, கொளுவியின் குறுங்கையை 10 மில்லிமீட்டரும் நெடுங்கையை 40 மில்லிமீட்டரும் ஆக வைத்தால், விசையின் மேல் வரும் அழுத்தம் கால் பங்காகிய 6.25 கிலோவே; உராய்வுத் தடை ஒன்றேகால் கிலோ. விசையின் நீண்ட கையால் அதுவும் பாதியாகிவிடும். நெம்புகோலின் சிறப்பு இது.

இக்கணக்கு யாம் அறிந்ததே. ஆயினும் எஃகை அறுத்து அராவ அஞ்சிப் பித்தளைத் தகட்டால் இரண்டையும் செய்தோம். பழைய கதவுக் கீல் ஒன்று கையிற் கிடைத்ததே அவ்வாசைக்குக் காரணம். சோம்பல் ரப்பரை அப்பித்தளை நன்றாகவே தாங்கிற்று. ரப்பரை மாற்றிய பின்னும் அதுவே தாங்கும் என்று நினைத்தோம். வலி மும்மடங்கு ஆயிற்று. அதனைத் தாங்கும் விளிம்பு மட்டும் பழைய விளிம்பாகவே இருந்தது. பித்தளை மென்மையானது, சில முறை ஏற்றி இறக்கியதிலேயே விளிம்பு மழுங்கி வட்டமாயிற்று. அன்றியும் கொளுவியும் விசையும் தொடும் முகத்தை, வலி மிகுந்தோறும் பூட்டிக்கொள்ளும் சாய்வில் வையாமல், வலி மிகுந்தோறும் நழுவும் சாய்வில் வைத்துவிட்டோம். இவை எல்லாம் பின்னர்க் கண்டவை.

ஒரு சனிக்கிழமை மாலை. நண்பர் வீட்டுத் தறிக்கூடத்திற் புதிய ரப்பரை இழுத்து மாட்டிப் பார்த்தோம். எய்யும் எண்ணம் இல்லை. மாட்ட முடிகின்றதா என்று பார்க்கவே மாட்டினோம். மாட்டிய கருவியைத் திண்ணையோரம் சாய்த்து வைத்தோம். விசையை எவரும் தொடவில்லை. கட்டை தரையிற் பட்ட சிறு அதிர்ச்சியே போதுமாயிருந்தது. ஒரு சொடுக்கு ஒலி, அவ்வளவே. கூடத்தின் மறுகோடியில் நண்பரின் தங்கை, ஆறு வயதுக் குழந்தை, இராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றுவதாக விளையாடிக்கொண்டிருந்தாள். கம்பி அவள் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்திற் சென்று மண்சுவரில் நான்கு விரற்கடை புதைந்து நின்று ஆடியது. குழந்தை திரும்பிப் பார்த்து, அதனோடு வந்த கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

தறியில் அமர்ந்திருந்த தந்தையார் குழியிலிருந்து எழுந்து வந்தார். மகனை ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கி உள்ளே கொடுத்துவிட்டு எம்மை அழைத்தார். 'தம்பி, நாடா கையை விட்டுப் போகுமுன்னே அது எங்கே போய் நிற்கும் என்று கைக்குத் தெரியவேண்டும். உங்கள் நாடா போன பிறகுதான் நீங்கள் பார்க்கிறீர்கள்' என்றார். யாம், 'தவறு எங்களுடையதுதான் ஐயா' என்றோம். 'தவறு யாருடையது என்று கேட்கவில்லை. எதனால் என்று சொல்லுங்கள்' என்றார். அன்று எம்மால் சொல்ல முடியவில்லை. கருவியை வாங்கிப் பரணில் வைத்துவிட்டார். அவ்விரவு விடுதியில் எமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு சாண் என்பது எத்துணைச் சிறிய அளவு!

எதனால் என்று சொல்லிய பின்னரே கருவியைத் திருப்பித் தருவதாக அவர் கூறியிருந்தமையால், பித்தளைத் துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கி ஒரு லேத்துப் பட்டறையாரிடம் காட்டினோம். அவர் உருப்பெருக்குக் கண்ணாடி வைத்து மழுங்கிய விளிம்பைக் காட்டினார். துருவேறா எஃகில் இரண்டையும் புதிதாக அறுத்து, சாய்வை மாற்றி, முகங்களை எண்ணெய்க்கல்லில் தேய்த்து, விசை அசையாமல் தடுக்கும் குறுக்கு ஊசி ஒன்றும் சேர்த்தோம். கட்டையைப் பலகையிற் பொருத்தி, கம்பியின்றி ஒரு மரக்குச்சியை மாட்டி, ரப்பரை முழுதும் இழுத்து, மரச்சுத்தியாற் பலமுறை தட்டிப் பார்த்தோம், நழுவவில்லை. தந்தையாரே சுத்தியை வாங்கித் தட்டினார். அதன் பின்னும் ஒரு விதி வகுத்தார்; அதனை இங்கு எழுதிவைப்பது எம் கடமை: இக்கருவியை நீருக்கு வெளியில் ஒருபோதும் மாட்டலாகாது. மாட்டுவதும் தளர்த்துவதும் நீருக்குள்ளேயே ஆக வேண்டும். நீருள் சில மீட்டரில் ஓய்ந்துவிடும் கம்பி காற்றில் ஓயாது. கயிற்றின் எல்லையில் திரும்பி எய்தவன் முகத்திற்கே வரவும் கூடும். பிற நாடுகளில் இதனைத் தொழிலாகச் செய்வோரும் இவ்விதியையே முதல் விதியாகக் கொண்டுள்ளனர் என்று பின்னர்ப் படித்து அறிந்தோம்.

கயிற்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இவ்விடத்தில் எம் ஊர்ப் பெருமையும் கலந்துள்ளது. கம்பியின் பின்னே கயிறு செல்வது, நாடாவின் பின்னே ஊடை செல்வது போன்றதே. நாடாவிற்குள் தார் சிக்கின்றி அவிழ்ந்தாலன்றி ஊடை ஓடாது, கம்பிக்கும் அவ்வாறே. கயிற்றைக் கட்டையின் அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு முறை சுற்றி, விசையோடு இணைந்த சிறு கொக்கியில் மாட்டினோம்; விசை இழுபடும்போது கொக்கி தாழ்ந்து கயிறு தானே விடுபடும். நண்பரின் தந்தையார் எஞ்சிய பட்டு நூலாலேயே கயிறு முறுக்கித் தந்தார். மல்பெரிப் பட்டின் தனி இழை ஒன்று 21 டெனியர் எனின், அதாவது 9000 மீட்டர் நீளம் 21 கிராம் எடை எனின், அது ஏறத்தாழ 75 கிராம் சுமையைத் தாங்கும். 60 கிலோ தாங்க 800 இழை வேண்டும். அக்கயிற்றின் எடை மீட்டருக்கு 1.9 கிராம் கூட ஆகாது. தடிப்பு இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும். நைலான் 1938-ல் உலகிற்கு அறிவிக்கப்படுவதற்கு முன் மேலைநாட்டுத் தூண்டிற்காரர் பட்டுக்கயிற்றையே விரும்பினர் என்பது பலர் அறியாதது. ஆனால் உண்மையை மறைத்தல் கூடாது: நனைந்த பட்டு வலி சிறிது குறையும், உலர்த்தாமல் வைத்தால் இற்றுப்போகும். செலவும் பயனும் நோக்கின் நைலான் கயிறே ஏற்றது. எமக்குப் பட்டின் மேல் இருந்த பற்றை அன்பர்கள் மன்னிக்க.

கம்பியின் முனையை மூன்று பட்டையாகத் தீட்டி, அதற்குப் பின்னே ஒரு துளையிட்டு எதிர்முள் ஒன்றை ஆணியாற் கோத்தோம். உள்ளே செல்லும்போது படிந்தும், வெளியே இழுக்கும்போது விரிந்தும் நிற்பது அது. எறியுளி முதல் இன்றுவரை இக்கருவியின் உயிர்நிலை அதுவே. முள் இல்லாத ஈட்டி மீனைப் புண் செய்து விட்டுவிடும். அதனினும் கொடுமை வேறில்லை.

குறி பார்த்தலிலும் ஒரு வஞ்சனை உண்டு. கரையில் நின்று நீருள் இருக்கும் மீனை நோக்கினால், ஒளி வளைவதால் அது தன் ஆழத்தில் முக்காற் பங்கிலேயே இருப்பது போல் தோன்றும். அதனால் கரையிலிருந்து எய்வோர் மீனுக்குக் கீழே குறி வைப்பர். நீருள் கண்ணாடி அணிந்து நோக்கினாலோ, நான்கு மீட்டரில் உள்ளது மூன்று மீட்டரில் இருப்பது போலவும், உருவம் மூன்றில் ஒரு பங்கு பெருத்தது போலவும் தோன்றும். மீன் பிடித்தவர் கதைகளிற் பாதி இதனால் விளங்கும்.

தை கழிந்தபின் ஒரு நாள் மாமல்லபுரத்திற்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திற்குச் சென்றோம். காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வடகிழக்குப் பருவமழைக் காலத்திற் கலங்கும் கடல் மாசி பங்குனியில் ஓரளவு தெளியும் என்று அவ்வூரார் கூறியிருந்தனர். முதியவர் ஒருவர் எம் கருவியைக் கையில் வாங்கி, முள்ளை விரித்து மடக்கிப் பார்த்து, 'காஞ்சிபுரத்துத் தம்பிகளா, பட்டுக்கயிறா இது?' என்று நகைத்தார். பின்னர்த் தம் மகனை எம்மோடு படகில் அனுப்பினார். பாறையுள்ள பாரின் மேல் இறங்கினோம். இருவருக்கும் நீந்தத் தெரியும், மூச்சடக்கத்தான் தெரியாது. ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே நின்று காப்பது என்பது முன்னரே செய்த ஏற்பாடு. மூச்சை அடக்கி நெடுநேரம் இருக்க முயன்று நீருள்ளேயே மயங்கி இறந்தவர் பலராதலின், தனியே மூழ்குதல் அறவே தகாது.

நீர் தெளிந்திருந்தது என்றாலும் மூன்று மீட்டருக்கு அப்பால் பச்சை இருளே. பாறைப் பிளவில் ஒரு களவா மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. முழங்கை நீளம் இருக்கும். கண்ணாடிக் கணக்கைக் கழித்தால் அதனினும் சிறிது. அது எம்மை நோக்கிற்று, ஓடவில்லை. களவா இனத்திற் பல வகைகள் பெண்ணாகவே வளர்ந்து, முதிர்ந்தபின் ஆணாக மாறுவன. பெரியவற்றையே தேடி எய்தால் அவ்விடத்து ஆண்கள் அருகிவிடும். வலையும் தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் ஈட்டிக்காரன் தேர்ந்தெடுக்கிறான், தேர்ந்து பெரியதையே கொல்கிறான். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றது. மாபெருங் களவாவும், இரம்பம் போன்ற மூக்கையுடைய வேளாமீனும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணைகளிற் சேர்க்கப்பட்டுள்ளன. சங்கப் பரதவர் எறிந்த கோட்டுமீன் வேளாமீனே ஆயின், அவர் செயலை இன்று ஒருவர் செய்தால் சிறைக்குச் செல்வார்.

இவையெல்லாம் நீருள் நினைத்தவை அல்ல; நீருள் மூச்சைத் தவிர வேறு நினைவு இல்லை. விசையை இழுத்தோம். கொளுவி விடுத்தது, கட்டை உதைத்தது, கயிறு ஒரு சிக்குமின்றி ஓடிற்று. கம்பி மீனின் மேல் ஒரு விரற்கடை உயர்ந்து சென்று பாறையிற் பட்டுத் தெறித்தது. களவா பிளவினுள் மறைந்தது. மேலெழுந்து மூச்சு வாங்கியபோது கட்டை எமக்கு முன்னரே மிதந்துகொண்டிருந்தது. 780 கிராம் கணக்கு பிழைபடவில்லை என்ற மகிழ்ச்சியே முதலில் வந்தது. மீண்டும் இரண்டு முறை மூழ்கினோம். எய்யத் தக்கது ஒன்றும் அகப்படவில்லை. படகிலிருந்த இளைஞர், 'அண்ணா, கண்ணைப் பார்த்துக்கொண்டே அடித்தீர்களா? செதிளுக்குப் பின்னாலே பார்க்கவேண்டும்' என்றார். கரையில் முதியவர் எமக்குத் தம் வலையில் விழுந்த சங்கரா மீன் குழம்பும் சோறும் இடுவித்தார்.

பிள்ளையார்பாளையம் திரும்பியதும் நண்பரின் தந்தையார் மீனைப் பற்றி ஒன்றும் வினவவில்லை. கயிற்றை வாங்கி, நல்ல நீரில் அலசி, தறிக்கூடத்துக் கொடியில் உலர்த்தினார். பாறையில் உரசிய இடத்தில் சில இழைகள் அறுந்திருந்தன. அவற்றை விரலால் தடவி எண்ணினார். முனை வளைந்த கம்பியைப் பட்டறையில் நிமிர்த்தக் கொடுத்துள்ளோம். வரிப்பள்ளத்தின் முன்முனை சிறிது உயர்ந்திருப்பதே குறி மேலே சென்றதற்குக் காரணம் எனத் தோன்றுகின்றது. கோடை விடுமுறையில் அதனை இழைத்துப் பார்க்க வேண்டும். படைமரத்தின் மறுபாதி இன்னும் பரணிலேயே இருக்கின்றது. அதனை யாம் கேட்கவில்லை.